இரவு தங்காதவர்கள்

விதி தெளிவானது. வாடகைக்கு அறை விடுபவர், இரவு தங்குகிறவர்களின் பெயர், ஊர், வந்த காரணம் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டும். 'இரவு தங்குகிறவர்கள்'... இதை மட்டும் மனதில் வையுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ரிடையரான புதிது. ஊரில் ஓர் ஆபீஸ் – எது என்று கேட்காதீர்கள், என் பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது – செங்கம் ரோட்டில் காதர் பாயின் தையல் கடை மாடியில் இருந்த சுகந்திக்கு நோட்டீஸ் அனுப்பியது. 'தங்கள் அறையில் அந்நியர்கள் மணிக்கணக்கில் இருந்து செல்வதாகத் தெரிகிறது. ரிஜிஸ்டரைக் காட்டவும். தவறினால் அறை பூட்டப்படும்.'

சுகந்தி லாட்ஜ் நடத்தவில்லை. அவர் கவுன்சலர். சென்னையில் சைக்காலஜி எம்.ஏ. படித்தவர், பிறகு பல வருஷம் ஒரு மனநல மருத்துவமனையில், நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுகிற வேலை.

"இந்த ஊருக்கு நீங்க எதுக்கும்மா? அதான் மலை இருக்கே, எல்லாரும் கஷ்டத்தை அதுகிட்டதானே சொல்றாங்க" என்றேன்.

"மலை கேட்டுக்கும் சார். திருப்பி ஒரு கேள்வி கேக்காது. நான் கேப்பேன்."

"என்ன அட்வைஸ் குடுப்பீங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டேன். ஊர்ல அதுதான் ஜாஸ்தி. கேட்டுக் கேட்டு நொந்துபோய்த்தான் இங்க வர்றாங்க."

முப்பது வருஷம் அட்வைஸ் கொடுத்தவன் நான்.

மாடிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு ஜாக்கெட் துணி இருக்கும். ஆண் என்றால் சட்டைத் துணி. 'பைத்தியமா?' என்று ஊர் கேட்குமே! பாயும் அசராமல், "அளவு குடுக்கணுமா? மேல போங்க" என்பார்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஓர் அம்மாள் வாராவாரம் வருவார். கையில் எப்போதும் அதே பச்சைத் துணி. தைக்கக் கொடுத்ததே இல்லை. என்ன துக்கம்? சுகந்தி சொல்லவில்லை.

"ஒரு பேரு எழுதினாலும் நாளைக்கு யாரும் வர மாட்டாங்க சார். பூட்டினா பூட்டட்டும். எழுத மாட்டேன்."

நோட்டீஸ் சேதி பரவிய வாரமே பச்சைத் துணியைக் காணோம்.

"மொதல்ல வந்தப்ப படி ஏறவே தெம்பில்ல அவங்களுக்கு" என்றார் பாய். "இப்பதான் என்னைப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சாங்க. கெடுத்துட்டானுங்க."

கோபம் வந்தால் என் கை பேனாவைத் தேடும். மனு எழுதினேன். 'மேற்படி அறையில் கட்டில் இல்லை, தலையணை இல்லை. இரண்டு நாற்காலிகள் உள்ளன. வருகிறவர்கள் அழுதுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்பே வீடு திரும்பிவிடுகிறார்கள். அழுகைக்கு ரிஜிஸ்டர் வைக்கச் சொல்லும் விதி எது என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன்.

அந்த ஆபீஸ் இன்ஸ்பெக்டர் என்னிடம் வேலை பழகியவர். தலையைச் சொறிந்தார். "கண்டுக்காம விட்டுடறோம் சார். எழுத்துல எதுக்கு?"

"நீ வாயால சொன்னது அடுத்து வர்ற இன்ஸ்பெக்டருக்குக் கேக்காதுப்பா. எழுதிக் குடு."

மனு நிலுவையில் இருக்கும்வரை அவர்களும் பூட்டவில்லை. ஐப்பசி முழுக்க மழை பெய்தது, பதில் வரவில்லை. கடைசியில் வந்தது... ஒரே வரி. 'இரவு தங்காதவர்களுக்கு ரிஜிஸ்டர் தேவையில்லை.'

பாய் அன்றே கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்: "பச்சைத் துணி அம்மாவ அளவு குடுக்க வரச் சொல்லுங்க."

அடுத்த வாரம் அவர் வந்தார். மாடிக்குப் போனார். இறங்கி வந்து, முதல் முறையாக அந்தத் துணியை பாயின் மேஜைமேல் வைத்தார்.

"தீபத்துக்குப் போட்டுக்கணும் பாய். கை மட்டும் கொஞ்சம் லூசா வைங்க."

விதிகளை மதிக்கும் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். பதில் வந்த நாள்: கார்த்திகை முதல் தேதி. தீபத்துக்கு இன்னும் நாள் இருந்தது.