பாய் நைனாவிடம் சொன்னாரா?

காலையில் பூந்தமல்லியிலிருந்து போன். அத்தர் கடை பாய் போய்விட்டாராம்...

நம்பவில்லை. யார் பேசுவது, எந்த பாய், எப்போது என்று குறுக்குக் கேள்வி கேட்டேன். அவருடைய மருமகள்தான். பாவம், அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

என் சுபாவம் அப்படி. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாயைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் வீடு மேனாம்பேட்டில். நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. எனக்கு சிட்டியில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. சீட் கிடைத்தது. இப்போது அப்ளைடு பயாலஜி என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஜுவாலஜி மெயின், கூடவே மீன் வளர்ப்பு, பட்டுப்புழு, தேனீ...

சிக்கல் என்னவென்றால், நைனா ஜீவகாருண்யம் பார்க்கிறவர். தைப்பூசத்துக்குத் தவறாமல் வடலூர் போவார். வீட்டில் எறும்புக்குக்கூட மருந்து போட விடமாட்டார். பெற்ற பெண் தவளை அறுக்கிறாள் என்று தெரிந்தால் அன்றோடு காலேஜுக்கு முழுக்கு.

"பயாலஜின்னா செடி கொடி பத்தியாம்மா?" என்று கேட்டார். நானும் தலையாட்டி வைத்தேன்.

தலையாட்டி மறைத்துவிடலாம். ஃபார்மலின் நாற்றத்தை எதை ஆட்டி மறைப்பது?

முதல் பிராக்டிகலே ஃபார்மலினில் ஊறிய சுறாக்குட்டி. எத்தனை கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே பாய் கடைக்குப் போனேன். அத்தர், சாம்பிராணி, சோப்பு, ரிப்பன் விற்கிற சின்னக் கடை. பாய்க்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. தினமும் பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார்.

இருப்பதிலேயே வாசனையான சோப்பு வேண்டும் என்றேன். பாய் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். சோப்பை எடுக்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, அறுத்து நீட்டினார்.

"மொதல்ல இத்த தேய்ச்சிக்கோ தங்கச்சி. அப்பால சோப்பு. ஊட்டுக்குப் போறதுக்குள்ள போயிடும்."

வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று இவருக்கு யார் சொன்னது?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் நைனா சாம்பிராணி வாங்குவதும் அதே கடையில்தான்.

அன்றிலிருந்து பாய் மேல் ஒரு கண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிரே சோடாக் கடை மறைவில் நின்று பார்ப்பேன். ஒரு பொட்டலம் சாம்பிராணி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? இவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் இரண்டு பேரும் சிரித்தார்கள். தொலைந்தோம் என்று வீட்டுக்கு ஓடினேன். நைனா வந்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

அதற்கப்புறம் நைனா புதிதாக ஒரு பழக்கம் பிடித்தார். தினமும், "இன்னிக்கு இன்னா பூ அறுத்தே?"

ரயிலில் கூட வருகிற பாட்டனி பெண்ணிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பேன். அவள் லீவு போட்ட நாளெல்லாம் எங்கள் வீட்டில் செம்பருத்திதான். நைனா "உம்" என்பார். அந்த "உம்"முக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே பாதித் தூக்கம் போச்சு.

படித்து முடிக்கும்வரை பாயிடம் நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே பழத்தை அறுத்து வைத்திருப்பார். அதுவும் பிடிக்காது. காரியம் இல்லாமல் யாராவது இப்படிக் குழைவார்களா என்று நினைப்பேன்.

டிகிரி வாங்கினேன். ஒரு ஸ்கூலில் டீச்சர் ஆனேன். நைனாவிடம் மட்டும் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான்... நைனா போய்விட்டார்.

காரியம் முடிந்த வாரம் சாம்பிராணி வாங்க நான் போனேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அத்தனை நாள் நான் முகம் கொடுத்துப் பேசாதவரிடம் உடைந்து அழுதேன். நைனாவை ஏமாத்தியே அனுப்பிட்டேன் பாய் என்றேன்.

"அவுருக்குத் தெரியும் தங்கச்சி. மொத வருசமே நான்தான் சொன்னேன்."

அதற்கு நைனா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சாம்பிராணிப் பொட்டலத்த மடியில வச்சிகினு குந்தினாரு. அப்பால, 'எனக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லிடாத பாய், பயந்துகினு படிப்ப உட்டுடப் போவுது'ன்னாரு."

அந்த நிமிஷம் நம்பினேன். மேனாம்பேடு வந்து சேர்வதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. அழுகிற பெண்ணைத் தேற்ற ஒரு பொய் சொல்லத் தெரியாதவரா பாய்?

படிக்கிற காலத்தில், சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அன்றிலிருந்து, சொல்லாமலே விட்டிருப்பாரோ என்று பயம்.

எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். காப்பி அடித்த பிள்ளைகளை மடக்குவது மாதிரி மடக்கி மடக்கிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட வார்த்தை மாறவில்லை. இப்படி வார்த்தை மாறாமல் சொன்னால் அது மனப்பாடம்தானே என்று அதற்கும் ஒரு சந்தேகம்...

போன மாதம் பூந்தமல்லி போய்ப் பார்த்தேன். படுத்த படுக்கை. காதும் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து, நிஜமாவே சொன்னீங்களா பாய் என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"இன்னுமா நம்பல தங்கச்சி நீ?"

அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இனிமேல் கேட்க ஆள் இல்லை.

போய் வாங்க பாய். அங்கே நைனாவைப் பார்ப்பீர்கள். ஒருவேளை இதுவரை சொல்லாமல் விட்டிருந்தால்... இப்போதாவது சொல்லிவிடுங்கள்.