பதினாறாவது வெடி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வெடிக்காரர் வீடு" என்றால் தபால்காரர்கூட நேராக வந்துவிடுவார். முப்பத்தொரு வருடம் கல் குவாரியில் பாறைக்கு வெடி வைத்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு வாண வேடிக்கை என்றாலே ஆகாது என்பதுதான் தெருவுக்குப் பெரிய வேடிக்கை. "வெடிக்காரருக்கு வெடின்னா பயமாம்! இனி மீனு தண்ணியப் பாத்துப் பயப்படும்!" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருக்கு இருந்தது பயமில்லை, தொழில் தெரிந்தவனின் எரிச்சல். குவாரியில் எட்டுக் குழி துளைத்து வெடிமருந்தைத் திணித்துக் கிட்டித்தால், திரி பற்றவைக்கும் முன் சிவப்புக் கொடி ஏறும். மூன்று முறை விசில் ஊதுவார்கள். சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆடு மேய்ந்தாலும் அதை ஓட்டிவிட்டுத்தான் நெருப்பு. வெடிக்கத் தொடங்கிய பிறகு வெடிக்காரருக்கு ஒரே வேலை, எண்ணுவது. எட்டுக் குழிக்கு எட்டுச் சத்தம் வரவேண்டும். ஏழுதான் வந்தது என்றால் ஒரு குழி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அரை மணி நேரத்துக்கு ஒருவரும் கிட்டே போகக்கூடாது, ராஜாவே வந்தாலும்.

ஒருநாள் ராஜா வரவில்லை, மேலாளர் வந்தார். அன்று ஏழு சத்தம்தான் வந்திருந்தது. லாரிகள் வரிசைகட்டி நின்றன. "ஏழா எட்டான்னு ஒழுங்கா எண்ணத் தெரியலையா உனக்கு? அரை மணி நேரமெல்லாம் காத்திருக்க முடியாது, பத்து நிமிஷம் போதும்" என்றார். பத்தாவது நிமிடத்தில் போன கூட்டாளி திரும்பவில்லை. அவருக்குப் பின்னால் போன வெடிக்காரருக்கு இடது காது போயிற்று. விசாரணை நடந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்தார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? மேலாளர் இதைவிடப் பெரிய குவாரிக்கு மாறிப்போனார். இழவு வீட்டில் ஒருவர், "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விட்டபோது வெடிக்காரர் எரிந்து விழுந்தார்: "விதியுமில்லை, ஒண்ணுமில்லை. விதின்னு ஒண்ணு எழுதி வச்சிருந்தது, அதை மீறினாங்க. அவ்வளவுதான்."

குவாரி வேலையை விட்டதும் மிச்சமிருந்த வலது காதுதான் அவருக்குச் சோறு போட்டது. தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். ஓடும் மோட்டாரின் பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடுவார். "கீழ் பேரிங் அரைக்குது. பத்து நாள் தாங்கும், பதினொண்ணாவது நாள் இறுகி நின்னுடும்." அவர் வாக்குத் தப்பியதில்லை. அதில் மந்திரமில்லை, கேட்கும் பழக்கம். தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றாலும் அந்தக் காதைத்தான் கூப்பிடுவார்கள். தெருக்கோடியில் மூன்று மாடி எழுப்பிய காண்ட்ராக்டரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

காண்ட்ராக்டர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டால் தருவார், பார்த்தால் சிரிப்பார். ஆனால் அவருடைய சந்தோஷம் வீட்டுக்குள் அடங்காது. மகன் பரீட்சையில் தேறினால் வெடி, டெண்டர் கிடைத்தால் வெடி, நாய் குட்டி போட்டால் வெடி. சரம் வெடித்துச் சலித்துப்போய், ஒரே பெட்டிக்குள் பதினாறு குழாய் அடுக்கிய வாணப் பெட்டிக்கு வந்துவிட்டார். திரியில் ஒருமுறை நெருப்பு வைத்தால் போதும், பதினாறும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி மேலே வெடிக்கும். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கும் எதிர்வீட்டு டிரைவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை அழுது அழுது நீலம் பாரிக்கும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். டிரைவரின் தம்பிக்குக் காண்ட்ராக்டரிடம்தான் வேலை. குழந்தையின் அப்பாவுக்கு வீட்டு வரைபடம் பாஸ் ஆக அவர் சிபாரிசு வேண்டியிருந்தது.

ஒருநாள் வெடிக்காரரின் வலது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம் தொடங்கி, இரண்டு நாள் நிற்கவில்லை. காது டாக்டர் சோதித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: "இருக்கறது ஒரே காது. அதுவும் பாதி தேஞ்சாச்சு. கிட்டத்துல இன்னொரு பெரிய சத்தம் கேட்டா இதுவும் போயிடும். அப்புறம் மிஷின் வச்சாலும் பிரயோஜனமில்லை."

அவர் மனைவி மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை செய்பவள். இயந்திரங்களின் இரைச்சலில் கத்திப் பேசியே பழகிய தொண்டை அவளுக்கு. டாக்டரிடமிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "வீட்டை மாத்திடலாமா?"

"எதுக்கு? சத்தம் போடறவன் இருப்பான், கேக்கறவன் காலி பண்ணணுமா?"

"நியாயம் பேசினா காது திரும்பி வருமா?"

"பேசாம இருந்தா இருக்கிற காதும் போகும்."

அன்று மாலையே காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனார். டாக்டர் சீட்டைக் காட்டினார். "வெடிக்காதீங்கன்னு சொல்லலை. ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லி அனுப்புங்க. நான் எங்கேயாவது போயிடறேன். கைக்குழந்தை இருக்கு, அவங்களும் கதவைச் சாத்திக்குவாங்க. நாங்க ஒரு பாறைக்கு வெடி வைக்கவே ஊரைக் கூட்டிச் சொல்லுவோம்."

"அட, இதுக்கா இவ்வளவு?" காண்ட்ராக்டர் அவர் தோளில் தட்டினார். "வருஷத்துல நாலு நாள் சந்தோஷம் அண்ணே. இதுவரைக்கும் யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லி அனுப்பறேன், போங்க."

ஒருமுறை சொல்லி அனுப்பினார். அடுத்த முறை மறந்துவிட்டார். மூன்றாவது முறை மறக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. வெடிக்காரர் காதில் அடைக்கும் மெழுகுப் பஞ்சைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடமாடத் தொடங்கினார்.

காண்ட்ராக்டரின் மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி ஒரு சாயங்காலம் வந்தது. வெளிச்சம் முழுவதும் போகவில்லை. தெரு நடுவில் காண்ட்ராக்டரின் மேஸ்திரி வாணப் பெட்டியை இறக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் வெடிக்காரர் பஞ்சைக் காதில் திணித்து, மேலே உள்ளங்கையையும் பொத்திக்கொண்டார். அப்படியும் பழக்கம் விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அதிர்வை எண்ணினார். தெரு கைதட்டியது. பதிமூன்று. பதினான்கு. பதினைந்து.

அதோடு நின்றது.

மற்ற எல்லாருக்கும் வேடிக்கை முடிந்திருந்தது. அவருக்கு முடியவில்லை. புகை கலைவதற்குள் காண்ட்ராக்டரின் மாப்பிள்ளை, அன்றுதான் அப்பாவான இளைஞன், பெட்டியை ஓரமாகத் தள்ளலாம் என்று சிரித்தபடி அதை நோக்கி நடந்தான்.

வெடிக்காரர் வெளியே பாய்ந்தார். "போகாதே! ஒண்ணு பாக்கி இருக்கு! கிட்டே போகாதே!"

மாப்பிள்ளை திரும்பி என்னவோ கேட்டான். உதடு அசைந்தது, சொல் காதில் விழவில்லை. வெடிக்காரர் ஓடிக்கொண்டே பஞ்சைப் பிடுங்கினார்.

"என்னங்க? என்ன பாக்கி?"

"எண்ணினேன்! பதினைஞ்சுதான் வெடிச்சிது!"

"வெடிக்காரருக்கு எண்ணிக்கை கொறஞ்சிடுச்சாம், இன்னொரு பெட்டி கொண்டாங்கப்பா!" என்று யாரோ கத்த, தெரு கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். "நமுத்துப் போயிருக்கும் பெரியவரே" என்று சொல்லிப் பெட்டியின் மேல் குனிந்தான்.

வெடிக்காத குழியின் கிட்டே அரை மணி நேரம் போகக்கூடாது. மீறியதால் கூட்டாளியைத் தின்ற அந்தச் சட்டம் அவருக்கு எலும்பில் எழுதியிருந்தது. இப்போது அதை அவரே மீறினார். குழாய் வாய்க்கு நேராக ஒரு முகம் குனிந்திருக்கும்போது அரை மணி நேரம் எங்கே இருந்து வரும்? மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பற்றிப் பின்னால் இழுத்தார். இருவரும் விழுந்தார்கள். பெட்டி சாய்ந்தது. பதினாறாவது, மேலே ஏறாமல், அவர் வலது காதுக்கு ஒரு முழத்தில் தரையிலேயே வெடித்தது.

மாப்பிள்ளைக்குச் சட்டைக் கை கருகியது, அவ்வளவுதான். வெடிக்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் இரண்டு கையையும் விரித்து என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை மனைவிதான் பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

டாக்டரின் காது சோதிக்கும் இயந்திரத்தில் கோடு அடியிலேயே கிடந்தது. மோட்டார் வேலை அன்றோடு போயிற்று. ஸ்க்ரூடிரைவர் பிடியை எலும்பில் எவ்வளவு அழுத்தினாலும், எலும்பு வலித்ததே தவிர மோட்டார் பேசவில்லை.

புகார் எழுதிக்கொண்டு மனைவியுடன் காவல் நிலையத்துக்குப் போனார். எழுத்தர் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காயம் எங்கேம்மா?"

"காதுங்க. உள்ளே. இதோ டாக்டர் சீட்டு."

"ஒரு காது முன்னமே போனதுன்னு இதுலேயே இருக்கே. குவாரிக்காரர் வேற. எந்த வெடியில போச்சுன்னு எப்படிம்மா சொல்றது?"

"தெருவே பாத்துது சார்!"

தெரு பார்த்ததுதான். கேட்டபோது பார்க்கவில்லை. பேருந்து டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். கைக்குழந்தையின் அப்பா ஊரிலேயே இல்லையாம். மாப்பிள்ளை மட்டும் கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலம் கொடுத்தான்: "அவராகத்தான் ஓடி வந்து விழுந்தார்." அதை மனைவி எழுதிக் காட்டியபோது வெடிக்காரர் இருமுறை படித்தார். அதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அந்தக் காவல் நிலையத்தில் ஊதியவர்தான் செவிடர். நன்றாகக் காது கேட்டவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று மாதம் போயிற்று. சம்பாத்தியம் இப்போது மனைவியுடையது மட்டும். அவள் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, சலவைக் கூடத்துப் பழக்கத்தில் அவரிடம் கத்திப் பேசத் தொடங்குவாள். பாதியில் நினைவு வந்து தாளை எடுப்பாள். நாளாக ஆக அவள் எழுதும் வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. "சாப்பிடு." "வரேன்." "ஒண்ணுமில்லை." எழுதக் கை சலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் ஓயாமல் பேசியவளை இந்த மூன்று சொல்லுக்குள் அடைத்துவிட்டார்களே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மேஸ்திரி வாசலில் வந்து நின்று மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் முகம் இறுகியது. கதவுப் பிடியை விடாமல் நின்றாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார் வெடிக்காரர். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது அவருக்கே தெரியவில்லை.

அவள் "ஒண்ணுமில்லை" என்று எழுதினாள்.

"அப்படியே எழுது. ஒரு எழுத்து குறையாம."

அவள் மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதினாள்: "ஐயா வீட்டுல இன்னிக்குக் கல்யாண நாள். ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு கேட்டிருந்தீங்களாமே, அதான் வந்தேன். ஆனா இப்ப அவருக்குக் கேக்காதே அக்கா. இனிமே யாருக்குத் தொல்லை?"

வெடிக்காரர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். சமையலறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். பெட்டி வைத்து வைத்துத் தரை கருகிப்போன இடத்தில் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் சிரித்தார்கள். பல் தெரிந்ததை வைத்துச் சிரிப்பென்று ஊகித்தார். பிறகு காண்ட்ராக்டர் வந்தார். கழுத்து நரம்பு புடைக்க என்னவோ கத்தினார். கத்தட்டும். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் இவரிடம் வந்து சேரப்போவதில்லை, அவர்கள் வீட்டு வெடி செய்த உபகாரம் அது. மாப்பிள்ளை தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் நின்றான். வெடிக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டான். எதிர்வீட்டு டிரைவர் கதவைத் திறந்தார். வெளியே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வாசற்படியில் மனைவி நின்றாள். கேட்க வேண்டியதையெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டத் தொடங்கியது. மேஸ்திரி பெட்டியைக் கையில் ஏந்தியபடி, அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். வெடிக்காரர் எழவில்லை.