மூன்றாவது பெடல்

இந்த ஊர் லாரிகள் வாயே திறப்பதில்லை. கனடா வந்து மூன்று வருஷமாகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. மேட்டில் ஏறினால் வண்டி தானே கியரைக் குறைத்துக்கொள்கிறது, சமதளம் வந்தால் தானே கூட்டிக்கொள்கிறது. ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில் லாரி திரும்பும்போது, கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே வருவது நானா என் தம்பி காதரா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். காதர் என்றால் அடுப்பில் முட்டை வேகும். நான் என்றால் காலையில் வைத்த குழம்புதான்.

ஊரில் இதை வாசிக்கும் டிரைவர்மாருக்குச் சொல்கிறேன். நான் இருக்கும் மாகாணத்தில் கனரக லைசென்ஸ் டெஸ்டை ஆட்டோமேட்டிக் லாரியில் கொடுத்தால், கிளட்ச் உள்ள லாரியைத் தொடக்கூடாது என்று லைசென்ஸிலேயே போட்டுவிடுவார்கள். கிளட்ச் வண்டியில் கொடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். இருபது வருஷம் ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றியவன் நான், விடுவேனா? கிளட்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். எங்கள் வகுப்பில் அப்படிக் கேட்டது நான் ஒருத்தன்தான். இப்போதெல்லாம் அந்த வண்டிக்கு வேலையே கிடையாதே என்று பயிற்சி கொடுத்த லிண்டா அம்மா பரிதாபமாகப் பார்த்தார்.

முதல் நாள் மைதானத்தில் ஆட்டோமேட்டிக்தான் நின்றது. அதில் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் இடது காலால் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தேன். அது பிரேக். வண்டி குலுங்கி நின்றது. இப்படி மூன்று தடவை. கால் வலிக்கிறதா, டாக்டரைப் பார்க்கிறீர்களா என்று லிண்டா கவலையோடு கேட்டார். கால் கிளட்சைத் தேடுகிறது என்றேன். வலியை மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. எனக்குத் தைரியம் சொல்ல மறுநாள் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பிறகு ஏறி உட்கார்ந்து, அவ்வளவு நீளமான டிரெய்லரை அலுங்காமல் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

காதருக்கும் அதே கால்தான். நாங்கள் இருவரும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். அவன் கால் போன அன்று மத்தியானம் ஆலங்குளம் ரோட்டில் ஒரு சரிவில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரிலும் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எந்த டிரைவருக்கும் தெரிந்த விஷயம். அவசரத்தில் நியூட்ரலிலேயே விட்டு இறங்கிவிட்டேன். பின்னால் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த காதர் மேல் லோடு வண்டி உருண்டது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரே சொன்னது. நாக்கூசாமல் நானும் சொன்னேன். கிளட்சை மிதிக்கக் கால் இல்லாதவனுக்கு எவன் லாரி கொடுப்பான்? ஒன்பது வருஷமாக லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவன் வண்டிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறான்.

ஷெட்டுக்குப் பின்னாலிருந்தே அவனுக்குப் போன் போட்டேன். வலது கால் ஒன்று போதும்டா, எப்பாடு பட்டாவது உன்னை இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். காதர் நம்பினான். இரண்டு வருஷம் ஏஜெண்டுகளிடம் அலைந்தேன். சமீபத்தில் லாரி ஓட்டிய அனுபவம் இருந்தால்தான் ஆகும் என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவனுக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? நானே ஆசை காட்டி நானே கையை விரிக்கும்படி ஆயிற்று, பாவி நான்.

போன வாரம் காலையில் லோடு எடுக்கப் போன இடத்தில், கேபினில் உட்கார்ந்தபடி வீடியோ காலில் அதைச் சொன்னேன். ஊரில் சாயங்காலம். காதர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"பரவாயில்லண்ணே. அந்தப் பெடல மட்டும் ஒருக்கா காட்டு."

குனிந்து போனைப் பெடல் பக்கம் திருப்பிக் காட்டினேன். இரண்டு பெடல்தானா, இரண்டுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"கியர்ல நின்ன வண்டி அன்னைக்கு அப்படி உருண்டிருக்காதுண்ணே. ஓட்டுறவனுக்குத் தெரியாதா? அன்னைக்கே சொல்லிருந்தா நீயும் ஸ்டீரிங்கத் தொட்டிருக்க மாட்ட. ரெண்டு பேரும் உக்காந்துட்டா வீடு என்னத்துக்கு ஆகும்?"

ஜன்னலை யாரோ தட்டினார்கள். குடோன் மேற்பார்வையாளர். இன்னும் ஏன் கிளம்பவில்லை, வண்டியில் கோளாறா என்று சைகையில் கேட்டார். வண்டிக்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"கெளம்பச் சொல்லுதாங்களா? கெளம்புண்ணே," என்றான் காதர்.

என் கைக்குள் ராஜபாளையத்து பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. வெளியே அந்த மனுஷர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.