பழி வெற்றிலை

எனக்கு வாய் நீளம். என் மாமியார் இதைச் சொன்னபோது சண்டை போட்டேன். இப்போது நானே சொல்கிறேன். அந்த வாயை வைத்துத்தான் தாராவியில் எங்கள் தெரு நாடகக் குழுவுக்குள் நுழைந்தேன். அதே வாயால்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் நாடகம் உண்டு, எப்போதும் ஒரே நாடகம்தான். எதிரிப் படையை மூழ்கடிக்க ஒரு ராணி ஏரி மடையைத் திறக்கச் சொல்கிறாள். கரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று மந்திரி கெஞ்சுகிறான். கேட்க மாட்டாள். வெள்ளத்தில் செத்தது அவள் பெற்ற மகன். கடைசியில் பிணத்தின் தலைமாட்டில் நின்று, "எல்லாம் விதி" என்று ஒரு பாட்டம் அழுவாள், திரை விழும். சின்ன வயதில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிப்பாவி, மந்திரி அந்தக் கெஞ்சு கெஞ்சினானே, அப்போது விதி எங்கே போயிருந்தது?

ராணி வேஷத்தை ஓர் ஆண்தான் கட்டுவார். அவர் ஊரோடு போய்விட்ட வருஷம், நான் கட்டுகிறேன் என்று போய் நின்றேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மாட்டுங்காவில் ஒரு கடைக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன், இன்றும் அதுதான் தொழில். குழுவை நடத்துகிறவர் ஒரு தோல் பட்டறை மேஸ்திரி. தெருவே அவரை மாமா என்று கூப்பிடும். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, வேறு ஆள் கிடைக்காமல் சரி என்றார். நாடக நோட்டைத் தட்டுத்தடுமாறாமல் தமிழில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் மூன்றே பேர். அதுவும் எனக்குக் கைகொடுத்தது. சேதி பரவி, பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு பெண்கள் அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகன் வேஷம் கட்டியவர் டிராம்பேக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். என்னைவிட நாலு வயது மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மேடையில் எனக்கு மகன்! ஒத்திகையில் நான் "மகனே" என்று கதறும்போதெல்லாம், பிணமாகக் கிடக்கிற அவர் வயிறு சிரிப்பில் குலுங்கும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஒருவரைக் கொன்றவர், வேஷம் கலைக்கும் முன்னால், செத்தவரிடம் போய் "பழி என்னுது" என்று சொல்லி வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும். செத்தவர் வாங்கி மென்றால் பழி தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் டீயே வரும்.

கொடைக்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பகலில், மேடை ஒத்திகை. அரியணைக்காக இரும்பு டிரம்களின் மேல் பலகைகளைப் போட்டு உயர்த்தியிருந்தார்கள். அண்ணன் ஏறி, டிரம்மைத் தாண்டி நீண்டிருந்த முன்பக்க ஓரத்துக்கு வந்து கையை உயர்த்தினார். அவர் நின்ற பலகையின் பின்முனை மேலே எழும்பியது. அவர் கீழே விழுந்தார், அவர் இடது கணுக்கால் மேல் பலகை விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

அவர் குடியிருந்தது மாடியில் ஒற்றை அறைக் கோலி; இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். மாவுக்கட்டோடு எப்படி ஏறுவது? திலக் நகரில் தரைத்தளத்தில் இருந்த தங்கை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். கிளட்ச் மிதிக்கிற கால் அது. அந்த வாரமே பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டார்.

தெருவில் தீர்ப்பு அன்று சாயங்காலமே சொல்லியாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேம்லா. பொம்பள மேட ஏறினா அம்மனுக்குப் பொறுக்காது. அதுலயும் இவ ராசி அப்பிடி" என்றார் மாமா. நாடகம் நின்றது. பேர் கொடுத்திருந்த இரண்டு பெண்களின் பேரையும் அடித்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கோயில் வாசலில் கூடியிருந்தவர்கள் நடுவில் போய் நின்றேன். "ராசியாம் ராசி! பலக எந்திரிச்சா கட்டு இல்லன்னு அர்த்தம். ஒண்ணு எவனோ கட்டாம விட்டுருக்கான், இல்ல அவுத்துருக்கான். அது யாருன்னு நான் கண்டுபிடிக்கேன். எவனா இருந்தாலும் சரி, எல்லாரு முன்னாலயும் அண்ணன் கால்மாட்டுல நின்னு பழி என்னுதுன்னு சொல்லணும். சொல்ல வைக்கலன்னா எம் பேர மாத்திக்கிடுதேன்!"

மறுநாளே மேடை கட்டிய பந்தல்காரரைப் பிடித்தேன். மராட்டிக்காரர். "தோனோ தரஃப் பாந்தா தா, மேடம்", இரண்டு பக்கமும் கட்டியிருந்தேன் என்று சூடாகச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மேடையையும் படம் எடுத்து வைக்கிற ஆள். படத்தில் பலகையின் இரண்டு முனையையும் டிரம்மோடு சேர்த்துக் கட்டியிருந்தது, பச்சை நைலான் கயிற்றால். ஆக, அவிழ்த்தவன் ஒருவன் இருக்கிறான். பச்சைக் கயிறு யார் வீட்டில் கிடக்கிறது என்று தெருவில் வீடு வீடாகத் தேடினேன். பச்சைக் கயிற்றில் துணி காயப்போட்டிருந்த ஓர் அக்காவை வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மூன்றாம் நாள், ராணிப் புடவையைத் துவைக்கலாமென்று, அண்ணன் விழுந்த அன்று அவசரத்தில் எல்லாவற்றையும் சுருட்டித் திணித்த பையைத் திறந்தேன். புடவைக்கு அடியில் என் பழைய பெட்ஷீட் இருந்தது. அதன் மூலையில் முடிச்சுப் போட்டபடியே பச்சைக் கயிறு.

அண்ணன் விழுந்த கலவரத்தில் அடியோடு மறந்துபோனது, அந்த முடிச்சைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. ஆண்கள் மேடைக்குப் பின்னால் நின்றபடியே உடை மாற்றிக்கொள்வார்கள். பெண் ஒருத்தி மாற்ற மறைப்பு வேண்டும் என்று அந்தக் குழுவில் யாருக்கும் தோன்றியதில்லை. அன்று முதல் ஆளாகப் போன நான், பெட்ஷீட்டைக் கட்டக் கயிறு தேடினேன். பலகையின் பின்முனையில் இருந்ததை அவிழ்த்தேன். பின்பக்கம்தானே, அங்கே யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜாக்கெட் தைக்கிறவள் நான். ஒரு முனையில் முடிச்சில்லாத நூல் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது?

என் வீட்டுக்காரர் அணுசக்தி நகரில் ஒரு கேண்டீனில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"கொண்டா, காலையில வேலைக்குப் போற வழியில குப்பையில போட்டுருதேன். விதின்னு எல்லாரும் ஆறிட்டாங்க. நீயா போயி எதுக்குக் கிளறுத?"

"விதின்னா ஆறினாங்க? என் ராசின்னுல்லா ஆறினாங்க!"

"இப்ப போயி சொன்னா மட்டும்? பாத்தியா, பொம்பளயாலதான்னு இன்னும் நல்லா சொல்லுவானுவ. அந்த ரெண்டு பிள்ளைகளையும் எந்தக் காலத்துலயும் சேக்க மாட்டானுவ."

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொல்லத்தான் செய்தது; பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ராணியை எத்தனை வருஷம் வாய்க்குள் திட்டியிருக்கிறேன்! மடையைத் திறந்துவிட்டு விதி என்று அழுதவளை. அவள் வேஷத்தைக் கட்டலாம், அவளாகவே ஆகிவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து வாங்கினேன். குர்லாவில் ரயில் மாறித் திலக் நகரில் இறங்கினேன். குழு மொத்தமும் அண்ணனைப் பார்க்க வருகிற நாள் அது, தெரிந்துதான் போனேன். எல்லோர் முன்னாலும் அவர் கால்மாட்டில் நின்று கயிற்றைக் கட்டிலில் வைத்தேன்.

"அண்ணே, பலகையோட பின்கட்ட அவுத்தது நான்தான். மறைப்பு கட்ட எடுத்தேன். திருப்பிக் கட்டல. பழி என்னுது."

அவர் மனைவி "படுபாவி!" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். மாமா துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்? ராசி!"

நான் விடவில்லை. "மாமா, ராசின்னு இன்னொரு வாட்டி சொல்லாதீங்க. ராசின்னா நான் பொறந்ததே குத்தம், அத யாரும் திருத்த முடியாது. இது என் கை செஞ்சது. எனக்கு என்ன தண்டன வேணாலும் குடுங்க. அந்த ரெண்டு பிள்ளைக எந்தக் கயிற அவுத்தாங்க? அவங்க பேர ஏன் அடிக்கீங்க?"

மாமா மறுபடி உட்கார்ந்தார். அண்ணன் கை நீட்டி வெற்றிலையை வாங்கினார். மெல்லவில்லை.

"மேடையில திரை விழுந்ததும் நான் எந்திரிச்சிருவேன், பிள்ள. அதான் சிரிச்சுக்கிட்டே மெல்லுவேன். இப்ப எந்திரிக்க முடியலயே" என்று மருந்துப் பட்டைகளின் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் புது வெற்றிலையோடு போனேன். கட்டு பிரித்த பிறகு நடைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வலியில் அவர் என் தோளை நசுக்கிப் பிடிப்பார். மைனி, அதாவது அவர் மனைவி, ஆறு வாரம் கழித்து "டீ குடிக்கியா" என்றாள். வெற்றிலை மட்டும் வாரா வாரம் வாடியது. ஏழு மாதம் கழித்து அவர் மறுபடி பஸ் ஓட்டினார்.

அடுத்த கொடைக்கு எனக்கு வேஷம் இல்லை என்றார் மாமா. சரி என்றேன். மேடைக் கட்டுகளைச் சரிபார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், மறைப்புக்கென்று தனியாக ஒரு சுருள் கயிறும் வாங்கி வைத்தேன். அந்த இரண்டு பெண்களின் பேரையும் மாமா திரும்பச் சேர்த்துக்கொண்டார். அதில் ஒருத்திதான் ராணி. விதி என்று அழுகிற பாட்டத்தை நானும் அவளும் உட்கார்ந்து நோட்டில் அடித்துவிட்டு, "மடையத் திறக்கச் சொன்னது நான்" என்று எழுதினோம்.

கொடை அன்று திரை விழுந்தது. அந்தப் பெண் வேஷத்தோடு வந்து, மறுபடி மகனாகச் செத்துக் கிடந்த அண்ணனுக்கு வெற்றிலை கொடுத்தாள். சிரித்துக்கொண்டே மென்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னுது எங்க?" என்றார்.

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். "மழ பெஞ்சா இன்னும் வலிக்கு, பிள்ள" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் மாட்டுங்காவில் வெற்றிலை வாங்கினேன்.