கத்தி நுனியும் கெளிற்று முள்ளும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு காணொளியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மடக்குக் கத்தி ஒன்றின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்துக்கொண்டு, நுனி எப்படி மாறியிருக்கிறது என்று இருபது நிமிடம் பேசினார். முழுக் கத்தியைப் பற்றிக்கூட இல்லை, நுனியைப் பற்றி மட்டும். மனைவி இரண்டு வசனம் சொன்னால் மூன்றாவதில் கொட்டாவி விடுகிற நான், அதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயதில் ஆரைக் குத்தப் போறியள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நடுவில் அந்த மனிதர் பழைய கத்தியை மடக்கி, பிடியின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். மூடிய பிறகும் நுனி கொஞ்சம் வெளியே நிற்கிறதாம். அதனால் புதியதில் முதுகுப் பக்கத்தைச் சரித்து நுனியைக் கீழே இறக்கியிருக்கிறார்களாம். வீட்டில் தீட்டுகிறவர்களும் முதுகில்தான் தீட்ட வேண்டும், வெட்டும் வாயில் தீட்டினால் நுனி மேலே ஏறிவிடும் என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இதைப் பதினைந்து வருடங்களுக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்போது நான் ஊர்காவற்றுறையில் ஒரு சாமான் கடையில் வேலை செய்தேன். மண்ணெண்ணெய், நைலோன் கயிறு, புதுச் சிலிப்பர் மூன்றும் கலந்த மணம் அந்தக் கடைக்கு. இப்போதும் புதுச் செருப்பு வாங்கினால் முதலில் மணந்துதான் பார்க்கிறேன். கூட வரும் மகள் வெட்கப்பட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். நாங்கள் வேலணையில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த பரம்பரை. கடலில் கால் நனைப்பதென்றால் ஆடி அமாவாசைக்கு மட்டும். அப்படிப்பட்டவன் கடற்தொழிலாளருக்குக் கயிறும் தூண்டிலும் விற்றேன். எதைக் கேட்டாலும் தெரிந்தவன்போலப் பதில் சொல்வேன். செருப்புக் கடிக்கிறதா, பூட்டு இறுக்கமா, எல்லாவற்றுக்கும் முதலாளியிடம் படித்த ஒரே மருந்து இருந்தது: பாவிக்கப் பாவிக்கச் சரிவரும்.

கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் வில்லுக்கத்திகள், அதாவது மடக்குக் கத்திகள் இருக்கும். மண்ணிறப் பிடியில் மீன் படம். பெட்டியும் மாறவில்லை, மீனும் மாறவில்லை, நுனி மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வந்தது ஊசி நுனி. இறுகிய முடிச்சுக்குள் அதை விட்டு நெம்பினால் கயிறு அறாமல் முடிச்சு இளகும். எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். அடுத்து வந்ததில் நுனி கீழே வளைந்து கிளிச்சொண்டு போல இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். மூன்றாவதில் நுனியே இல்லை. முதுகு சட்டென்று இறங்கி வாயோடு சேர்ந்து முடிந்துவிட்டது. வள்ளம் ஆடும்போது தவறிக் குத்திவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் கரையில் அதற்கு மொட்டையன் என்று பெயர் வைத்தார்கள். கேக் வெட்டுவதற்கோ என்று கேட்டவர்களும் உண்டு.

அருளப்பு அண்ணை அடிக்கடி வரும் வாடிக்கைக்காரர். அப்போது ஐம்பது வயதிருக்கும். கதிரையைக் காட்டினாலும் கயிற்றுச் சுருளின் மேல்தான் குந்துவார். என்னைத் தோட்டக்காரர் என்பார். கணவாய்க்கும் கத்தரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியுமோ என்று பகிடி பண்ணுவார். வலையிலிருந்து மீன் கழற்றுவதில் அவருடைய வலக்கைக்கு நிகர் அந்தக் கரையில் இல்லை என்று மற்றவர்களே ஒத்துக்கொள்வார்கள். கெளிறு என்ற மீனுக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. குத்தினால் உயிர் போகும். அதையும் அவர் கதைத்துக்கொண்டே, பாராமலே கழற்றுவாராம். கெளிறு குத்துவதெல்லாம் தொழில் பழகாதவனுக்கு நடக்கிற காரியம்.

ஒரு சனிக்கிழமை காலை, பழைய கத்தி கடலில் விழுந்துவிட்டது என்று வந்தார். என்னிடம் மொட்டையன்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பார்க்கிறேன் என்று திரும்பியவரைக் கூப்பிட்டு, நான் நுனி வைத்துத் தருகிறேன் என்றேன். கடைக்குப் பின்னால் ஒரு சாணைக்கல் இருந்தது. கத்தியின் முதுகு தடிப்பு. அதில் தீட்டினால் நேரம் எடுக்கும், இரும்பும் சுடும். வாய்ப் பக்கம் மெல்லியது, அங்கே தீட்டினேன். ஐந்து நிமிடத்தில், இரும்பு கருகிய மணத்தோடு, பழைய ஊசி நுனியைப் போலவே ஒன்று வந்துவிட்டது. எனக்கு என் மேலேயே மதிப்புக் கூடிவிட்டது. பிறகு மடக்கினேன். நெல்லின் மூக்களவு வெளியே நின்றது. பெருவிரலால் தடவிப் பார்த்தேன். நன்றாகவே குத்தியது.

அண்ணையும் கண்டுவிட்டார். "நுனி வெளிய நிக்குது போல, தம்பி" என்றார். கடையில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவிக்கப் பாவிக்கச் சரிவரும் என்று சொன்னேன். கத்தி என்ன செருப்பா? அவர் சிரித்துவிட்டு அதைச் இடுப்பில் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டு போனார்.

மூன்று கிழமையாக ஆளைக் காணவில்லை. பிறகுதான், அவருக்குக் கெளிறு குத்திவிட்டது என்று கதை வந்தது. அவர் சீனி வருத்தக்காரர், நீரிழிவு. சீலைத் துண்டால் விரலைச் சுற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் தொழிலுக்குப் போயிருக்கிறார். கை வீங்கிக் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலக்கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கெளிறு என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பார்க்கப் போனேன். அவருடைய மனைவி திரேசம்மா அக்கா என் முன்னாலேயே அவரை ஏசினார். முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போன மனிதருக்கு ஒரு கெளிற்றைக் கழற்றத் தெரியவில்லையே, ஊர் சிரிக்கிறதே என்றார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி என் பக்கம் சாய்ந்தார்.

"மடிக்குள்ள கையை விட்டனான், கத்தி நுனி நகத்துக்குக் கீழ ஏறிட்டுது. கத்தியைக் கடலில எறிஞ்சிட்டன். கெளிறு எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். நீரும் அப்பிடியே சொல்லும்."

ஏன் அண்ணை என்று கேட்டேன்.

"எனக்குக் கை போயிட்டுது. உமக்கு வேலையும் போகவேணுமே?"

அந்த இடத்திலேயே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஓம் என்றேன். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு கையால் வலை இழுக்க ஏலாது. வள்ளமும் இயந்திரமும் கைமாறின. அவர் கரையில் வந்து இருப்பார். அவரிடம் மீன் கழற்றப் பழகியவர்களே கெளிறர் என்று கூப்பிட்டார்கள். அதற்கும் ஓம் என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவருடைய கையை விட அந்தப் பெயர்தான் அவரைத் தின்றது என்று நினைக்கிறேன். என்னோடு கதைப்பார். கத்திக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாவது வருடம் செத்துப்போனார். செத்தவீட்டில் திரேசம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கெளிற்றுக்காக இந்த மனிசனை நான் ஏசாத நாளில்லை, தம்பி" என்று அழுதார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கப் போகிறார்கள், இப்போது எப்படிச் சொல்வது என்று விட்டேன். முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிய, அக்காவின் மகள் வந்து அவரைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா அங்கேயே கண்ணை மூடிவிட்டார் என்று பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் அறிந்தேன். நான் சொல்ல வேண்டியவர் இனி இல்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். அண்ணையின் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. முற்றத்தில் யாரோ மாடு கட்டுகிறார்கள். அவரைக் கெளிறர் என்று கூப்பிட்டவர்களிலும் பாதிப்பேர் ஊரில் இல்லை.

போன மாதம் மீன் வாங்க இறங்குதுறைக்குப் போயிருந்தேன். அனலைதீவிலிருந்து வந்த வள்ளத்தில் இரண்டு பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கெளிற்றில் கை வைக்க, மற்றவன் சொன்னான், "பாத்துக் கழட்டு, அருளப்பற்ர கை போனமாதிரிப் போகும்."

யார் அந்த அருளப்பர் என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. கெளிறு கழட்டத் தெரியாத ஆரோ ஒரு மனிசனாம்."