எலிக் கண்ணின் சுரப்பி

நேற்று மகளுக்குப் பல்வலி. கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். அதிகமாகத் தொட்டுவிட்டேனோ, ஈறு புண்ணாகிவிடுமோ என்று மறுபடி மறுபடி வாயைத் திறக்கச் சொன்னதில் அவள் முறைத்தே விட்டாள். அந்த வாசனை என்னைப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரிப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்தார். எலி, அணில், மூஞ்சூறு இவற்றின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகள் என்றால் அவருக்குப் பைத்தியம். மூஞ்சூறை மட்டும் யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. பிள்ளையாருக்கு யார் பதில் சொல்வது? எஸ்.எஸ்.ஸி. படித்தவள் என்று என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். சுரப்பியை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, கராம்பு எண்ணெயில் தெளியவைத்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றவேண்டும். அதே கையால்தான் வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டினேன். ஊட்டுமுன் தோல் உரியக் கழுவுவேன்.

நுண்ணோக்கியில் நல்ல சுரப்பி அழகாக இருக்கும். குழாய் குழாயாக, சுவரெல்லாம் நுரை மாதிரி.

"அந்த ஓட்டையெல்லாம் எண்ணெய் இருந்த இடம், பிள்ளை. நாங்கள் கழுவிப் போட்டம்," என்பார் டொக்டர்.

இன்னொரு கூட்டுக்குள் இருந்த எலிகளுக்கு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சாப்பாட்டையே போட்டார்: வெள்ளைச் சோறு, ரொட்டி, சாயத்தண்ணி என்னும் பாலில்லாத தேநீர். அவற்றின் கண்கள் வறண்டு மங்கின. சீவிப் பார்த்தால், கண்ணீர்க் குழாயின் உட்சுவர் தடித்து, செதிள் செதிளாக உதிர்ந்து வழியை அடைத்திருந்தது. நாங்கள் தின்பதைத் தின்ற எலிகள் என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்த ஆண்டு பிள்ளைக்காம்பராவில், கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், மணல்வாரி அம்மை பரவியது. என் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் மகள் தவமணிக்கும் ஒன்றாகவே கண்டது. அக்காதான் இரண்டு வாசலிலும் வேப்பிலை கட்டினாள். எண்ணெய், கீரை, மீன் கூடாது என்று பத்தியம் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு, கண்ணைக் காக்கும் என்று டொக்டர் தந்த மீனெண்ணெயை மகளுக்கு மறைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அம்மனிடம் அழுதேன். அந்த வாடையை அக்காவிடம் மறைக்க முடியுமா?

"அம்மன் வீட்டுக்குள்ள இருக்கப்ப கவிச்சியா குடுக்குற? எலி அறுத்த கைக்குப் பயமே விட்டுப்போச்சாடி?"

"அக்கா, தவமணி கண்ணு வறண்டு கெடக்குக்கா. எலிக்கும் இப்பிடித்தான் மொதல்ல..."

"ஏம்புள்ள எலியாடி?"

எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். எலிக்கு நேர்வது பிள்ளைக்கும் நேருமா? வீணாகப் பயமுறுத்துகிறேனோ? டொக்டரிடம் ஓடினேன். அவர் மீனெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு லயத்துக்கே வந்தார். அக்கா வாசலை மறித்து நின்று கும்பிட்டாள்.

"மூணு தண்ணி ஊத்தாம புள்ள வாசலத் தாண்டக்கூடாதுங்க. மருந்தும் உள்ள வரக்கூடாதுங்க. ஊத்துனதும் நானே தூக்கிட்டு வர்றேங்க."

அம்மை இறங்க வேப்பிலைத் தண்ணீரை மூன்று முறை, நாள் விட்டு நாள் ஊற்றுவது வழக்கம். கடைசித் தண்ணீர் ஊற்றிய காலையில் அக்கா சொன்னபடியே தூக்கி வந்தாள். பிள்ளைக்கு மஞ்சள் பூசி, பொட்டும் வைத்திருந்தாள். கருவிழி இரண்டும் வெந்த மீனின் கண்போல வெளுத்திருந்தன. டொக்டர் டோர்ச் அடித்தார். தவமணி அசையவில்லை.

"ஏம்மா இன்னும் வெளக்கு ஏத்தல?" என்று கேட்டாள்.

பாக்கியம் அக்கா என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மகளின் முகத்தைக் கையில் ஏந்தி, கண்ணையே பார்த்துவிட்டுப் போவாள்.

டொக்டர் மாற்றலாகிப் போனார். பின்னறையில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். அக்கா குடும்பமும் போன வருடம் இந்தியாவுக்குப் போய்விட்டது. பஸ் கிளம்பும்போது மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன வாயோடு, "அந்தா நம்ம லயம், நல்லாப் பாத்துக்கம்மா," என்று தவமணிக்கும் சொல்லிவிட்டாள். தவமணி ஆவலாகக் கழுத்தை நீட்டி, லயம் இல்லாத எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.