கெளுத்தி மீசையும் என் ஆள்காட்டி விரலும்

நேற்று கெளுத்தி மீனை ஆய்ந்துகொண்டிருந்தபோது வலது ஆள்காட்டி விரல் நுனியில் சுருக்கென்று முள் குத்திவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். வந்து பார்த்தால், விரலை வாயில் வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். தோலையும் சதையையும் மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித் தருவது என் வேலை. எங்கள் மேடம் ஒரு நரம்புப் பைத்தியம். கெளுத்தியின் மீசை முழுக்கத் தொடு நரம்பு என்பதால் அதையே கேட்பார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து ஏழுமலை என்பவன் மீனை ஈரச் சாக்கில் சுற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சைக்கிளில் கொண்டுவருவான். மீசை எங்களுக்கு, மீன் அவனுக்கு. மீசையில்லாத கெளுத்தியை எவன் வாங்குவான் என்று கேட்டால், "ஷேவிங் பண்ணிக்கினு வந்துகீதுன்னு சொல்வேன் அண்ணாத்த" என்பான். ஃபார்மலினும் மீன் கவிச்சியும் சேர்ந்து என் சட்டையில் ஏறியிருக்கும். அம்மா அதைத் தனியாகத்தான் துவைப்பாள்.

ஒருநாள் சாக்கை அவிழ்க்கும்போது மீன் துள்ளி, அதன் முள் விரலின் அடியில் ஆழமாகக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டேன், ஆறிற்று, மறந்தும் போனேன். அப்புறம் கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மகளை எனக்குப் பேசி முடித்தார்கள். நிச்சயதார்த்தம் நெருங்கிய சமயம். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்தேன். மற்ற விரல்களெல்லாம் சுட்டன. அந்த விரல் நுனி மட்டும் சுடவில்லை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கையை உதறிவிட்டு டீயைக் குடித்திருப்பான். நாங்களோ தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அங்கிருந்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எங்களை வரிசையாக நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, இறகால் தடவி "தெரியுதா?" என்று கேட்பார்கள்; உணர்ச்சி மரப்பதுதான் அந்த வியாதியின் முதல் அடையாளம். தேமல் வந்தால்கூட வீட்டில் குண்டூசியைத் தேடுவோம். நானும் தேடி எடுத்தேன், குத்தினேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. அந்த வியாதியேதான் என்று நம்பிவிட்டேன். காயம் பட்டது அடியில், மரத்தது நுனியில் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடவே எனக்குத் தோன்றவில்லை. அன்றாடம் நரம்பைச் சீவுகிறவனின் லட்சணம் இது!

கல்யாணத்தை நிறுத்திவிடுவது என்று முடிவுகட்டி ஏழுமலையிடம் மட்டும் சொன்னேன். "பேஜாரு பண்ணாத. வா, மேடமாண்ட காட்டலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் பிடித்திருந்தது அந்தக் கையைத்தான் என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மேடம் என் முழங்கை நரம்பை அமுக்கிப் பார்த்தார், தோலையெல்லாம் பார்த்தார், தழும்பு ஏது என்று கேட்டார். பிறகு நான் செய்த ஸ்லைடையே மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். மீசையின் நடுத்தண்டை ஒட்டி வருகிற வரை நரம்பு ஒரு கிளைகூட விடாமல் நேராகப் போகிறது. தோலுக்குள் நுழைந்ததும் முருங்கை மரம் மாதிரி சகட்டுமேனிக்குக் கிளை விடுகிறது. எத்தனையோ முறை பார்த்ததுதான்.

"நரம்பு தன் இஷ்டத்துக்குக் கிளை விடறதில்லப்பா. இங்க வா, அங்க போகாதன்னு சுத்தி இருக்கிற தோலும் சதையும்தான் அதுக்குச் சொல்லுது. அந்த முள்ளு கிழிச்சதுல உன் நரம்பு அறுந்திருக்கு, அவ்வளவுதான். மெதுவா வளரும். தோல் அதைக் கூப்பிட்டுக்கும்."

அந்த வியாதியாகவே இருந்தாலும் மருந்து இருக்கிறது, அதற்காகக் கல்யாணத்தை நிறுத்துவார்களா என்றும் கடிந்துகொண்டார். அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தவன் அழுதே விட்டேன். ஏழுமலை அதைக் குப்பம் பூரா சொல்லிச் சிரித்தான்.

மணவறையில் அவள் கையைப் பிடித்தபோது அந்த நுனிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. முன்பே அவளிடம் சொல்லித்தான் வைத்திருந்தேன். அடுத்த பொங்கலுக்குள் அங்கே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு உணர்வு வந்தது, ஆனால் கோணல்மாணலாக. இன்றைக்கும் நுனியைத் தொட்டால் கொஞ்சம் தள்ளித்தான் தெரிகிறது. தழும்பைச் சுற்றிக்கொண்டு வந்த கிளைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டன போலிருக்கிறது.

இப்போது அந்த ஆய்வுக்கூடம் இல்லை, மேடமும் இல்லை. ஏழுமலையின் குப்பத்து மணலில் விடுதிகள் நிற்கின்றன. அந்தக் கவிச்சி வாசனைக்குக்கூட மனசு ஏங்குகிறது. இறகோடு வந்தவர்களும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தப் பயமும் போய்விட்டது. அது போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை.

நேற்று மஞ்சள் வைத்துக் கட்டும்போது மனைவி வேண்டுமென்றே நுனியை ஓர் அழுத்து அழுத்தினாள்.

"தெரியுதா?" என்றாள்.

"வலிக்குதுடி" என்றேன்.